ப்ராசஸரை மாற்றலாமா, வேண்டாமா? கம்பம், குமுளிப் பக்கத்து சிஸ்டங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"சிஸ்டம் ஹேங் ஆகுது, ப்ராசஸரை மாத்திடலாமா?" கம்பம், போடியிலிருந்து மலையேறி குமுளி, கட்டப்பனை வரை எந்தக் கம்ப்யூட்டர் கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை: ஏலக்காய், மிளகு வியாபாரத்துக்கு டேலியில் கணக்கு எழுதுபவர்கள், தமிழ்நாடு, கேரளம் என இரண்டு பக்கத்துக் கல்யாணங்களையும் எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள், கேம் விளையாடும் கல்லூரிப் பிள்ளைகள். கேள்வி ஒன்றுதான், ஆனால் மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. முதல் வகையினருக்கு ப்ராசஸர் அநேகமாகக் குற்றவாளியே அல்ல. அதனால் காசை எடுப்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் டெஸ்க்டாப்புக்கு. இன்றைய லேப்டாப்புகளில் ப்ராசஸர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. லேப்டாப் என்றால் எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்), ராம் (மெமரி) இரண்டோடு பேச்சு முடிந்தது.

முதல் படி: எது திணறுகிறது?

வழக்கமாக எந்த வேலையில் சிஸ்டம் மெதுவாகிறதோ, அதே வேலையை ஓடவிடுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை, மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, ப்ராசஸர் 20, 30-ல் கிடந்தால் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில். சுழலும் ஹார்ட் டிஸ்க் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு ஃபைல்களை நொடிக்குச் சுமார் நூறு முறைதான் எட்டி எடுக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் திறக்க மூன்று நிமிடம், டேலி திறக்க ஒரு நிமிடம் என்றிருக்கும் சிஸ்டத்தில் ஐ3-ஐக் கழற்றி ஐ7 போட்டாலும் அந்த மூன்று நிமிடம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. ராமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுப்பதால்தான் ஹேங் ஆனது போலத் தெரிகிறது. ஃப்ளெக்ஸ் டிசைன் போடும் டிடிபி சென்டர்களில் பத்தடி, இருபதடி பேனரை போட்டோஷாப்பில் திறந்தால் நடப்பது இதுதான். அங்கே 8 ஜிபியை 16 ஆக்குவது எந்தப் புது ப்ராசஸரையும்விட நல்ல செலவு.

ப்ராசஸர் தொடர்ந்து 90-க்கு மேல் நின்று, டிஸ்க்கும் மெமரியும் சும்மா இருந்தால் மட்டுமே அடுத்த பேச்சு.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜர் காட்டும் சதவீதம் எல்லாத் த்ரெட்களுக்கும் (ப்ராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசைகள்) சேர்த்த கணக்கு. எட்டு த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினால் அங்கே 12.5 சதவீதம்தான் காட்டும். நான்கு த்ரெட் என்றால் 25. 'ப்ராசஸர் 13 சதவீதம்தானே, சும்மாதானே இருக்கு' என்று நினைத்தால் தப்பு. விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரிலிருந்து (ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், தனித்தனி கோர் படத்திலும் இது தெளிவாகத் தெரியாது. 'டீட்டெயில்ஸ்' பக்கத்தில் அந்த சாஃப்ட்வேரின் வரியைப் பாருங்கள். எட்டு த்ரெட் சிஸ்டத்தில் 12, 13-லேயே அசையாமல் நின்றால், அந்த வேலை ஒற்றைக் கோரில்தான் ஓடுகிறது. அதற்கு வேண்டியது அதிகக் கோர்கள் அல்ல, கோர் ஒவ்வொன்றும் வேகமான புதிய தலைமுறை ப்ராசஸர். 'எட்டு கோர் வாங்கியும் பழைய மாதிரியேதான் இருக்கு' என்ற வருத்தம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இரண்டாம் படி: இருக்கும் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடுகிறதா?

'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்திலேயே 'பேஸ் ஸ்பீடு' என்று ஓர் எண்ணும், இப்போதைய வேகமும் இருக்கும். முழுச் சுமையில் இப்போதைய வேகம் பேஸ் ஸ்பீடுக்குக் கீழே இறங்கினால் ப்ராசஸர் பெரும்பாலும் சூட்டுக்குப் பயந்து தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் வெப்பத்தைப் பாருங்கள். இன்டெல் சிப் 95, 100 டிகிரியைத் தொட்டால் கூலரைக் கவனிக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக் காலத்தில் ஏறும் புழுதி கூலரின் தகடுகளுக்கு இடையில் மெத்தை போலப் படிந்துவிடும். அதைத் தூரிகையால் எடுத்து, சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு மிளகு அளவு நடுவில் வைத்துக் கூலரைப் பூட்டினால், பல சிஸ்டங்களுக்கு இழந்த வேகம் அன்றைக்கே திரும்பிவிடும். செலவு ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட்தான்.

கையோடு பவர் பிளான் 'பவர் சேவர்'-ல் இருக்கிறதா என்று பாருங்கள். ராம் ஒற்றைத் துண்டாக இருந்தால் இணையாக இன்னொன்றைப் போட்டு டூயல் சேனல் ஆக்குங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 3 3200ஜி போன்ற சிப்பில் கேம் ஆடுபவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே கண்ணுக்குத் தெரியும். அந்த சிப்பின் உள் கிராபிக்ஸுக்கும் இதே ராம்தான் தீனி.

மூன்றாம் படி: உங்கள் வேலைக்கு என்ன லாபம்?

டேலி. இது பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலை. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின் ஏலத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கில் பில் ஏற்றும் அலுவலகம் என்றாலும், 2010-களில் வந்த ஐ3 ஒன்றுக்கு அது பாரமே அல்ல. நாலைந்து சிஸ்டங்கள் ஒரே டேட்டாவைத் திறக்கும் இடத்தில் தாமதம் வருவது, டேட்டா இருக்கும் சிஸ்டத்தின் டிஸ்க்கிலிருந்தும் நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்தும். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் நொடிக்கு 12 எம்பிக்கு மேல் கடத்தாது. கிகாபிட் ஸ்விட்ச் அதைப் பத்து மடங்காக்கும். ஆனால் கேபிளின் எட்டுக் கம்பிகளும் இரண்டு முனையிலும் கனெக்டரில் சரியாகக் கிரிம்ப் ஆகியிருக்க (அழுத்திப் பூட்டப்பட்டிருக்க) வேண்டும். நாலு கம்பி மட்டும் கோத்த கேபிள் புது ஸ்விட்ச்சிலும் 100-லேயே நிற்கும்.

வீடியோ எடிட்டிங். ப்ராசஸர் மாற்றத்தால் உண்மையில் பயனடையும் வேலை இது. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் 40 நிமிடம் எல்லாக் கோரும் சேர்ந்து செய்யும் வேலை, 20 நிமிடம் டிஸ்க்கையும் ஒற்றைக் கோரையும் நம்பிய வேலை என்று வைத்துக்கொள்வோம். கோர்களை இரட்டிப்பாக்கினால் அந்த 40 மட்டும் 20 ஆகும், மீதி 20 அப்படியே நிற்கும். ஆக 60 நிமிடம் 40 ஆகும், 30 ஆகாது.

இதைவிட முக்கியமானது கேமரா எந்த வகையில் பதிகிறது என்பது. இப்போதைய கேமராக்களில் 10 பிட் 4:2:2 எச்.265-ல் (நிறத் தகவல் அதிகமுள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) எடுத்த ஃபுட்டேஜ் டைம்லைனில் நகராமல் நின்றால் கோர் எண்ணிக்கையைக் கூட்டித் தீர்க்கப் பார்க்காதீர்கள். அந்த வகையைப் பிரித்துப் படிக்கும் தனி வன்பொருள் இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் 11-ம் தலைமுறையிலிருந்து உள் கிராபிக்ஸோடு வருகிறது. என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளில் அது இல்லை, 50 வரிசையில்தான் வந்தது. சில நூறு ரூபாய் குறைவு என்று பெயரின் கடைசியில் 'எஃப்' போட்ட இன்டெல் சிப் வாங்கினால் உள் கிராபிக்ஸ் கிடையாது, இந்த வசதியும் போய்விடும். ஸ்டூடியோ சிஸ்டத்துக்கு 'எஃப்' சிப் வாங்காதீர்கள். புது ப்ராசஸருக்குப் பணம் புரட்டும்வரை ஃபுட்டேஜைப் ப்ராக்ஸியாக (எடிட்டிங்குக்கு மட்டும் எடுக்கும் இலகுவான பிரதி) மாற்றி எடிட் செய்வது செலவில்லாத வழி.

கேம். சோதனை சுலபம். ரெசொல்யூஷனை ஒரு படி இறக்கி, கிராபிக்ஸ் அமைப்புகளை 'லோ' ஆக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) நன்றாக ஏறினால் திணறியது கிராபிக்ஸ் கார்டு. கொஞ்சமும் ஏறாவிட்டால் ப்ராசஸர்.

பிரவுசர், ஆன்லைன் விண்ணப்பம், பிரின்ட் அவுட், ஆன்லைன் வகுப்பு: எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

நான்காம் படி: போர்டு எதை ஏற்கும்?

சிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் 'மெயின்போர்டு' பக்கத்தைத் திறந்தால் போர்டின் மாடல் தெரியும். ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே மாடலின் இரண்டு ரிவிஷன்களுக்குப் பட்டியல் வேறாக இருக்கலாம். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியல் இருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் சிப்பின் முழுப் பெயர் அதில் இருக்கிறதா, எந்த பயாஸ் (சிஸ்டத்தை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) பதிப்பிலிருந்து ஓடும் என்று பாருங்கள். 'பொருந்தும் சார், போட்டுக்கலாம்' என்ற வாய்வார்த்தை போதாது. சாக்கெட் (போர்டில் சிப் உட்காரும் இடம்) ஒன்றாக இருப்பதும் போதாது.

இன்டெல்லில் 2, 3-ம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1155 சாக்கெட். எச்61 போர்டில் 3-ம் தலைமுறை ஓட பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கும். 4-ம் தலைமுறைக்கு 1150. 6, 7-க்கும் 8, 9-க்கும் பெயர் 1151 என்றே இருந்தாலும் ஒன்றின் சிப் மற்றதன் போர்டில் ஓடாது, பழைய சிப் வாங்கும்போது அதிகம் ஏமாறுவது இங்கேதான். 10, 11-க்கு 1200, ஆனால் எச்410 போர்டுகள் பெரும்பாலும் 11-ஐ ஏற்காது. 12, 13, 14-க்கு 1700. ஏஎம்டியில் 2017-ல் வந்த முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை ஏஎம்4, 2022-லிருந்து ஏஎம்5.

எங்கள் கணிப்பில், ப்ராசஸரை மட்டும் மாற்றி நல்ல பலன் பெறக்கூடியது ஏஎம்4தான். நான்கு கோர், நான்கு த்ரெட் கொண்ட 3200ஜி இருக்கும் பி450 போர்டில், பயாஸ் புதுப்பித்து ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொண்ட ரைசன் 5 5600 போட முடியும். ராம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட் எதையும் தொட வேண்டாம். ஆனால் 5600-க்கு உள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாதவர்கள் 5600ஜி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. அடுத்த நல்ல இடம் எல்ஜிஏ 1700-ல் ஐ3-12100 வைத்திருப்பவர்கள் ஐ5-12400-க்குப் போவது.

13, 14-ம் தலைமுறையின் பெரிய சிப்களைப் பழையதாக வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் சிப்பே சிதையும் கோளாறு அவற்றில் இருந்ததை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. முன்பே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. பில் இல்லாமல் கிடைக்கும் 13900கே எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

4-ம் தலைமுறை ஐ3-4130-ஐ ஐ7-4770 ஆக்கலாமா? இரண்டு கோர் நான்காகும், வேகமும் தெரியும். ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லில் 8-ம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டன. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல் நடக்கும் சிஸ்டத்தில் இப்படிச் செலவு செய்வது சரியல்ல. எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொண்டு அடுத்த சிஸ்டத்துக்குப் பணம் சேருங்கள்.

ஐந்தாம் படி: கூடவே வரும் செலவுகள்

பழைய கூலர் பொருந்துமா? எல்ஜிஏ 1150, 1151, 1200 போர்டுகளில் கூலர் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில், 1700-ல் 78. பழைய கூலரை அதில் அழுத்தி நுழைக்கப் பார்த்தால் பின் உடையும். பெரிய சிப் போடுவதாக இருந்தால் போர்டின் விஆர்எம் (சிப்புக்கு வோல்டேஜைச் சீராக்கித் தரும்) பகுதியைப் பாருங்கள். ஹீட் சிங்க்கே இல்லாத எச்610 போர்டு ஐ9-ஐப் பட்டியலில் ஏற்கும், ஆனால் தொடர் சுமையில் விஆர்எம் சூடேறி வேகம் இறங்கிவிடும். ஐ5 வரை சரி.

கம்பெனிகள் கழித்துவிட்ட பிராண்டட் சிஸ்டங்கள் இந்தப் பக்கம் நிறைய வருகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 9020 போன்றவற்றில் எஸ்எம்பிஎஸ் கனெக்டர் வழக்கமான 24 பின் அல்ல. போர்டைத் தனியாக மாற்றப் போனால் எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் பின்னாலேயே வரும்.

இதில் ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ப்ராசஸர் மட்டும் மாறினால் அது அப்கிரேட். போர்டும் ராமும் சேர்ந்து மாறினால் நீங்கள் வாங்குவது புது சிஸ்டம், அந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து, டிடிஆர்4 ராமை அப்படியே வைத்துக்கொள்ள முடிகிற வழிக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

இனி பணக் கணக்கு. புது சிப்பின் விலையிலிருந்து பழையதை விற்றால் வருவதைக் கழியுங்கள். மாதம் எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று எழுதுங்கள். ஒரு எக்ஸ்போர்ட்டுக்கு 20 நிமிடம், மாதம் 30 எக்ஸ்போர்ட் என்றால் பத்து மணி நேரம். ஆனால் எக்ஸ்போர்ட்டை இரவில் போட்டுவிட்டுத் தூங்குபவருக்கு அந்தப் பத்து மணி நேரம் வருமானம் ஆகாது. டைம்லைன் திணறலால் ஆள் உட்கார்ந்து காத்திருக்கும் நேரம்தான் கணக்கில் சேரும்.

எல்லை தாண்டி வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் கேரளக் கடையில் கேரள சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்ட பில் வாங்கினால் அந்த வரியை இங்கே கழித்துக்கொள்ள முடியாது. எதிர்ப்பக்கமும் அப்படியே. 18 சதவீதம் சின்னத் தொகை அல்ல. உங்கள் பதிவு எண்ணுடன் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான வரி) பில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டியோடு வரும் சிப்புக்கு மூன்றாண்டு நிறுவன வாரன்டி உண்டு. பெட்டியில்லாமல் வரும் ட்ரே சிப்புக்குக் கடைக்காரர் தருவதுதான், அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பழைய சிப் என்றால் கடையிலேயே ஓடவிட்டு, சிபியு-இசட்டில் பெயரைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'இஎஸ்' என்று வந்தால் அது விற்பனைக்கே வராத சோதனைச் சிப், விட்டுவிடுங்கள். ஏஎம்4 சிப்பின் அடியில் பின் வரிசைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளைந்தது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: மாற்றுவது

ஸ்டூடியோக்களுக்கு இதற்கு நல்ல மாதம் ஆடி. கேரளத்தில் அதுவே கர்க்கடகம். இரண்டு பக்கமும் கல்யாணம் குறைவு, ஒரு நாள் சிஸ்டம் நின்றாலும் யாரும் ஆல்பம் கேட்டு வர மாட்டார்கள். ஆனால் மலைமேல் அது மழைக்காலம், மரம் விழுந்து கரன்ட் போவது சகஜம். பயாஸ் புதுப்பிக்கும் சில நிமிடங்களில் கரன்ட் போனால் போர்டு செத்த மாதிரிதான். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதென்றால் அது யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். சாதாரண மோடில் மாறும் இடைவெளியிலேயே சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகலாம்.

பயாஸைப் பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால், புது சிப்பில் திரை வராது, பெரும்பாலான போர்டுகளில் திரும்பப் பழையதைப் பூட்டித்தான் செய்ய வேண்டும். பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, உங்கள் ரிவிஷனுக்கான ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் வசதியால் ஏற்றுங்கள். அதற்கு முன் டேட்டாவை வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் டிஸ்க்கில் இருப்பதை மீட்க வழியில்லை.

கழற்றும் முன் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், பேஸ்ட் இளகும். ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஏஎம்4-ல் கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்து பின் வளையும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி ஒட்டு விட்டதும் எடுங்கள். இன்டெல்லில் பின்கள் போர்டில் இருக்கும், சாக்கெட்டுக்குள் விரலோ துணியோ படக்கூடாது. சிப்பின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானே உட்காரும், அழுத்தக்கூடாது. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இன்டெல் கூலரின் நான்கு பின்களைக் குறுக்குக் குறுக்காக அழுத்தி, போர்டின் பின்பக்கம் நான்கும் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பாதியில் நின்றாலும் சிப் 100 டிகிரிக்கு ஓடும்.

முதல் முறை ஆன் செய்யும்போது ஏஎம்டி போர்டு 'எஃப்டிபிஎம்'-ஐ (பிட்லாக்கர் நம்பியிருக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யலாமா என்று கேட்கும். அந்த ரெகவரி கீ கையில் இல்லாவிட்டால் 'ஒய்' அழுத்தாதீர்கள். ஏஎம்5-ல் ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரையாகவே இருக்கும், பதறி அணைக்க வேண்டாம். மற்றபடி திரை வரவில்லையா? சாக்கெட் பக்கத்து 4 அல்லது 8 பின் பவர் கேபிள், ராமைக் கழற்றிப் போடுவது, போர்டின் காசு பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைப்பது, இந்த வரிசையில் பாருங்கள்.

விண்டோஸ் வந்ததும் அதே ஃபுட்டேஜ், அதே எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டுப் பழைய நேரத்தோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேரச் சுமையில் வெப்பம் 85-க்குள் நின்றால் கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. எதிர்பார்த்த வேகம் இல்லாவிட்டால் பயாஸுக்குள் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) பாருங்கள், புதுப்பித்தபோது அணைந்துபோய் ராம் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ப்ராசஸரை, புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே வைத்து, ஒரு மாதம் கழித்து விற்கலாம்.